தாம்போதியில் 37 குதிரைவலு

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வான் பிடித்துத்தான் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பமென்றால் கேட்கவே வேண்டாம். பின்சீற்றில் அம்மம்மா, நடுவில் பிள்ளைகள், ஏ.சி. போட்டுக் கண்ணாடியும் ஏற்றியாயிற்று. நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பண்ணையில் தொடங்கி வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்குள்ளால் போகும் அந்த வீதி, கார் ஓட்டப் பிரியப்படுகிறவருக்கு இலங்கையில் கிடைக்கக்கூடிய மிக நல்ல வீதிகளில் ஒன்று. அதை வேறொருவர் ஓட்ட, மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கடந்துபோவதை ஒரு இழப்பாகவே நினைக்கிறேன்.

நான் லண்டனில் ஓட்டுவது ரொயோட்டா ஜி.ரி.86. இரண்டு கதவு, பதிந்த உடம்பு, பேருக்கு ஒரு பின்சீற். கலியாண வீட்டு வாசலில் அதை நிறுத்தினால் யாராவது ஒரு மாமா வந்து, “இதுக்குள்ளை எத்தினை பேர் ஏறலாம்?” என்று கேட்பார். எங்கள் சனத்துக்குக் கார் என்றால் ஆட்களை ஏற்றுவது. ஏழுபேர் ஏறினால் நல்ல கார். அந்தக் கணக்கின் நியாயம் எனக்குத் தெரியும். ஒரு காரில் ஊரே ஏறி இடம்பெயர்ந்த நாட்கள் எங்கள் வீடுகளுக்கு உண்டு. ஆனாலும் சின்னக் காரின் சுகத்தை அவர்களுக்கு வாயால் விளக்க என்னால் முடிந்ததில்லை. இந்த முறை ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் மொறிஸ் மைனரை இரவல் வாங்கிக்கொண்டு தீவகம் போனேன். அந்த மாமாமாருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த வீதியில் கிடைத்தது.

அது இரண்டு கதவு மைனர் 1000. 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. காரின் கனம் ஏறக்குறைய 750 கிலோ. சாவியைத் திருப்பினால் முதலில் எஞ்சின் பேசாது. பெற்றோல் பம்ப்தான் பேசும். டிக், டிக், டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் வேகம் குறைந்து நிற்கும். பிறகு டாஷ்போர்ட்டில் உள்ள குமிழை வெளியே இழுத்தால் ஸ்ராட்டர் சுற்றும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கையில் அதற்குள் விழுத்தப் பார்த்தால் பல் கடிக்கும் சத்தம் வரும். சித்தப்பா கேற்றைத் திறந்து விடும்போதே சொல்லிவிட்டார்: “முதல் கியருக்குப் போடுறதெண்டால் நிண்டுபோட்டுப் போடு. இல்லாட்டி டபிள் கிளட்ச் அடி. பிறேக்கை நம்பிப் பக்கத்தில போகாதை, முன்னுக்கே பிடி.” நான்கு சில்லுக்கும் ட்ரம் பிறேக்தான். முன்னுக்கே பிடிக்க வேண்டும் என்றால் முன்னுக்கே பார்க்க வேண்டும். வீதியை இருநூறு மீற்றர் தள்ளி வாசிக்கும் பழக்கத்தை அந்தக் கார் கட்டாயமாகக் கற்றுத் தந்துவிடுகிறது.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் கோட்டை பின்னால் போய்விடும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், சிறகுவலைக்கு நட்ட தடிகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள். மூன்றாம் கியரில் சற்று இழுத்துவிட்டு நாலுக்கு மாற்றினேன். கியர்த்தடி கட்டையானது, மணிக்கட்டை அசைத்தால் போதும். காலை எடுக்கும்போது சைலன்ஸருக்குள்ளிருந்து ஒரு பொருபொருப்பு வரும். மைனரை ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்தான். மோட்டர்வேயில் 110இல் போகும்போது என் ஜி.ரி.86இல் இதைவிடக் குறைவாகத்தான் ஏதாவது நடக்கிறது என்று அப்போது தோன்றியது.

இந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் ஸ்மைர்னாவில் பிறந்தவர். அவர் கார்த் தொழிற்சாலைப் பொறியியலாளர் மட்டுமல்லர், பந்தயக்காரரும்கூட. 1930களில் ஜோர்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து, ஒஸ்ரின் 7 எஞ்சினை வைத்து, ஒவ்வொரு இறாத்தலாகக் கனம் குறைத்துத் தன் கையாலேயே ஒரு சின்னப் பந்தயக் காரைக் கட்டினார். ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்பது அதன் பெயர். மலையேற்றப் போட்டிகளில் அதை ஓட்டினார். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானபோது, சாதாரணக் குடும்பக் காருக்குள் அந்தப் பந்தயக்காரரின் அறிவு போயிருந்தது. ராக் அன்ட் பினியன் ஸ்ரியறிங், முன்பக்கம் ரோர்ஷன் பார் சஸ்பென்ஷன், அந்தக் காலத்துக்குச் சிறியதான 14 அங்குலச் சில்லு. மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டதும் அதை நடுவால் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கடைசியில் நாலு அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்தக் கூட்டிய அகலத்தின் அடையாளம். சித்தப்பாவின் காரில் அந்தப் பட்டியைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

அதே மனிதர்தான் 1959இல் மினியையும் செய்தார். மைனருக்குள் இருந்த ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம் 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் தொடங்கியது. அதுவே பிறகு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், எம்.ஜி. மிட்ஜெற் போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் போனது. 1071 சிசிக்குப் பெருப்பித்த அதன் வடிவத்தோடு பாடி ஹொப்கேர்க் 1964இல் மொன்ரே கார்லோ ராலியை மினி கூப்பர் எஸ்ஸில் வென்றார். பெரிய வி8 எஞ்சினோடு வந்த கார்களெல்லாம் பின்னால் நின்றன. ஆக, கொக்குவிலில் சித்தப்பா வீட்டு மாமரத்துக்குக் கீழே நிற்கும் மைனர் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. வலு குறைந்த அண்ணன், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் இத்தனை காலம் நின்றுபிடித்ததன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பட்டு இறக்குமதி இறுகியபோது, நாட்டில் இருந்த பிரித்தானியக் கார்களைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1970களில் வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவது கட்டுப்படுத்தப்பட, குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மைனர் எல்லாம் தோட்டத்து வீடுகளின் முற்றத்துக்கு வந்தன. இறக்குமதி தளர்ந்த 1977க்குப் பிறகு மற்ற ஊர்களில் ஜப்பான் கார்கள் அவற்றை ஓரங்கட்டின. இங்கே போர் வந்துவிட்டது.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கேட்டு வியப்படைகிற வெளிநாட்டு நண்பர்களுக்கு நான் பொறியியல் சொல்லி விளக்குவேன். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினுக்குள் அது நேரத்துக்கு முதலே பற்றி, பிஸ்ரனை அடிக்கும். என் ஜி.ரி.86இன் அழுத்த விகிதம் 12.5. அதற்குள் மண்ணெண்ணெயை விடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஏ40 போன்ற பழைய எஞ்சின்களின் விகிதம் ஏழை ஒட்டியது. அவை பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சொட்டுப் பெற்றோலை வீட்டில் மருந்துபோல வைத்திருப்பார்கள். பிளக்கில் கரி படியும். ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். வெள்ளைப் புகை வீதியை மூடும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் பூட்ட கராஜ்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரசவத்துக்குப் போன பெண்களும் செல்லடியில் காயப்பட்டவர்களும் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த கார்களில் எத்தனையோ இப்படி ஓடியவைதான். உதிரிப்பாகமும் வராத காலத்தில் ஒரு வாசரையும் புஷ்ஷையும் கையால் கடைந்து போட்ட அந்த மெக்கானிக்குகளை நான் இஸிகோனிஸுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அவர்களின் பெயர்கள் எந்தக் கார்ப் புத்தகத்திலும் இல்லை.

அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி வேலணைக்குள் போகும்போது வீதியோரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. பனங்கூடல்களுக்கு நடுவே கூரையில்லாத வீடுகள். சுவருக்குள்ளால் ஆலமரம் எழும்பி நிற்கிறது. சில வீடுகளின் வாசற்படியில் கட்டியவரின் பெயரெழுத்தும் ஆண்டும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. 1990க்குப் பிறகு தீவகத்தைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். கார் சின்னது, ஜன்னல் திறந்திருக்கிறது. ஆட்டுப்பட்டியின் மணம், விறகு எரியும் மணம், கருவாட்டு மணம் ஒவ்வொன்றும் உள்ளே வந்து போகின்றன. மதவில் இருந்த முதியவர் ஒருவர் காரைக் கண்டு எழும்பி நின்றார். “ஆற்றை கார் தம்பி? இஞ்சை டொக்ரரும் இது மாதிரி ஒண்டு வைச்சிருந்தவர்.” நிறுத்தி அவரோடு கதைத்தேன். வானை மறித்து இப்படிக் கதை கேட்கிறவரை நான் கண்டதில்லை.

புங்குடுதீவுக்குத் திரும்பாமல் முதலில் ஊர்காவற்துறைக்கு ஓட்டினேன். சரவணை, நாரந்தனை வழியாகப் போகிற வீதி வளைந்து வளைந்து போகிறது. பெரிய வளைவுகள் இல்லை. வேலியைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, குளத்தைச் சுற்றிப் போகிற கிராமத்து வளைவுகள். அகலமான காரில் இந்த வீதியில் எதிரே ஒரு பஸ் வந்தால் மூச்சைப் பிடிக்க வேண்டும். மைனரின் அகலம் ஒன்றரை மீற்றர் சொச்சம்தான். அதற்கு இந்த வீதியில் ஒரு ஓட்டப் பாதையைத் தெரிவு செய்ய இடமிருக்கிறது: வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போகலாம். பந்தயத் திடலில் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பாடத்தை, ஒருவரையும் பயப்படுத்தாமல் 40இல் செய்யலாம். சின்னக் காரின் பெரிய கொடை இது. வீதியின் அகலத்தை அது உங்களுக்குத் திருப்பித் தருகிறது. இன்றைய கார்கள் வலுவை வேண்டிய மட்டும் தருகின்றன. ஆனால் அவற்றின் உடம்பே வீதியை நிறைத்துவிடுகிறது.

ஊர்காவற்துறைக் கரையில் நின்றால் எதிரே கடலுக்குள் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தது. அங்கிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ போகிறது. அந்த மிதவையில் மைனரை ஏற்றிப் பார்க்கும் ஆசை இருந்தது. சித்தப்பாவின் முகத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

வேலணைக்குத் திரும்பி, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதியில் ஏறியபோது சோளகம் வீசிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வந்த விஷயம் இந்தத் தாம்போதியில்தான் இருக்கிறது. கிலோமீற்றர்க் கணக்கில் நேராக, கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே, மறைப்பு எதுவும் இல்லாமல் போகிறது. இடதுபக்கமிருந்து காற்று அடிக்கிறது. இரண்டு தொன் ஜீப்புக்கு அது தெரியாது. 750 கிலோ மைனருக்குத் தெரிகிறது. காற்று வலுக்கும்போது ஸ்ரியறிங் வளையம் உள்ளங்கைக்குள் மெல்லக் கனக்கிறது. விட்டுக்கொடுத்தால் மூக்கு ஒரு சாண் வலப்பக்கம் நகர்கிறது. விரலளவு திருப்பினால் திரும்பி வருகிறது. பவர் ஸ்ரியறிங் இல்லை. சில்லுக்கும் கைக்கும் நடுவே ஒரு இரும்புத் தண்டும் ஒரு பற்சட்டமும்தான். தார் எங்கே மாறுகிறது, ஒட்டுப்போட்ட இடம் எது, மணல் பரந்த இடம் எது என்று கண் காண முதலே கை அறிகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில், நேர்வீதியில், நான் ஒரு நொடியும் சும்மா இருக்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்குகிறவர்கள் வலுவுக்காக வாங்குகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வலு வேண்டும்தான், நான் அதை மறுக்கவில்லை. வளைவின் நடுவில் காலை ஊன்றும்போது பின்சில்லு தரையைக் கவ்வித் தள்ளுகிற உணர்ச்சிக்கு ஈடு இல்லை. ஆனால் ஜி.ரி.86ஐச் செய்த குழுவின் தலைவர் டெற்சுயா டாடா அதற்குப் போட்ட ரயர் என்ன தெரியுமா? பிறியஸுக்குப் போடுகிற அதே வகை ஒடுக்கமான ரயர். 200 குதிரைவலுவை ஒட்டிய காருக்கு! காரணம் எளிது. பிடிப்பு மிகக் கூடினால் அதன் எல்லை எங்கே என்று அறிய ஆபத்தான வேகத்துக்குப் போகவேண்டும். பிடிப்பு அளவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் தன் மனதைச் சொல்லிவிடும். 2012இல் அந்தக் கார் வந்தபோது எஞ்சின் வலு போதாது என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் எண்ணைப் பார்த்தார்கள். டாடா கையைப் பார்த்தார். இஸிகோனிஸும் அதைத்தான் பார்த்தார்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் காரின் பயணம் முடிகிறது. நயினாதீவுக்குப் படகில் கால்மணி நேரம். சனமும் பூக்கூடையும் சீமெந்துப் பையும் ஒன்றாக ஏறுகின்றன. ஒரு கரையில் நாகபூசணி அம்மன் கோபுரம், சிறிது தள்ளி நாகவிகாரையின் வெள்ளைத் தாதுகோபம். ஆனித் திருவிழாக் காலத்தில் இந்தத் துறையில் நிற்க இடமிருக்காது. அம்மன் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு நான் நெடுந்தீவுப் படகுக்கு அவசரப்பட்டேன்.

நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாவிலித்துறையில் இறங்கியதும், 1985 மே 15இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி நிற்கிறது. எதற்காக இந்தத் தீவுக்கு வந்தாலும் முதலில் அங்கே நிற்கத்தான் வேண்டும். பிறகு பட்டா எனும் சின்ன லொறி ஒன்றைப் பேசிக்கொண்டு புறப்பட்டேன். இங்கே ஓடுவது பட்டாவும் லாண்ட்மாஸ்ரரும் ஓட்டோவும் சைக்கிளும். வீதியின் இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலி. தரையிலும் அதே கல். ஜி.ரி.86 இங்கே நூறு மீற்றர் போகாது.

நான் வந்தது குதிரைகளைப் பார்க்க. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள். அவர்கள் கட்டிய லாயத்தின் கற்றூண்கள் இன்னும் நிற்கின்றன. அவர்கள் போனபின் கட்டவிழ்ந்த குதிரைகளின் சந்ததி தென்மேற்குப் புல்வெளியில் மேய்கிறது. எல்லாம் மட்டக்குதிரைகள். வீதியிலிருந்து பார்த்தால் மாடுகளோடு மாடாகத் தெரியும். கிட்டப் போய் நின்றபோது ஏழெட்டு ஒன்றாக ஓடின. முன்னால் ஓடிய பழுப்புக் குதிரை ஒரு கல்வேலியைக் கண்டதும் தன் உடம்பின் நீளத்துக்குள்ளேயே திரும்பியது. நிற்கவில்லை, பின்னங்கால் இரண்டும் ஊன்ற, முன்பக்கம் சுழன்று வந்தது, அவ்வளவுதான். குட்டையான முதுகு, நடுவில் திரண்ட கனம். சில்லுகளை மூலைக்குத் தள்ளி, கனத்தை நடுவில் தாழ்த்தி வைக்க எத்தனையோ பொறியியலாளர்கள் வரைபலகையில் கிடந்து முயன்றது எனக்கு முன்னால் புழுதி கிளப்பி ஓடியது. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீற்றர் தூக்குவது ஒரு குதிரைவலு என்று பள்ளியில் படித்தோம். திரும்புவதற்கு அளவு எதையும் படிக்கவில்லை.

வறட்சிக் காலத்தில் இந்தக் குதிரைகள் தண்ணீரின்றிச் சாகின்றன. நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள தீவுதான் இது. ஆனால் மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற ஆளும் காசும் ஒவ்வொரு வருடமும் வேண்டும். குதிரைகளைப் படம் எடுக்க வருகிற எங்களைப் போன்றவர்கள் அந்தச் செலவில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பின்னேரப் படகில் திரும்பி, குறிகட்டுவானிலிருந்து ஒரே இழுவையில் யாழ்ப்பாணம் வந்தேன். சித்தப்பா முதலில் பொனற்றைத் தொட்டுச் சூடு பார்த்தார், பிறகுதான் என்னைச் சாப்பிடச் சொன்னார். “எப்பிடி?” என்றார். என் லண்டன் காரை விற்கப்போவதில்லை, ஆனால் இனி அதை இதைப்போல ஓட்டுவேன் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெரியப்பா, மாமா யாருடையதாவது முற்றத்தில் படங்கு மூடி ஒரு மைனரோ ஏ40ஓ நின்றால் இரும்புக்கு விற்க விடாதீர்கள். ஒரு நல்ல மெக்கானிக்கைப் பிடித்துப் பிறேக்கையும் ரயரையும் மாற்றுங்கள். வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இலங்கையில் ஓட்ட உள்ளூர் அனுமதி எடுக்க வேண்டும். அதை முதலே முடித்துவிட்டு வாருங்கள். விடியப் புறப்படுங்கள். தாம்போதியில் மீன் கொண்டுபோகிற சைக்கிள்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, 50க்கு மேலே போகாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கூட வந்த பிள்ளைக்கு ஓட்டும் வயது வந்து, அனுமதியும் இருந்தால், ஆளில்லாத நேரம் பார்த்து ஸ்ரியறிங்கை அதன் கையில் கொடுங்கள்.